குதிரையும் வீரனும்

மோட்டார் கார் என்றதும் அதன் வேகத்தையே முதலில் வினவுவது வழக்கம். ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகம் செய்த எம்.எக்ஸ்.-5 என்னும் இருவர் கார் வேறொரு வினாவை எழுப்பியது: ஓட்டுவதில் இன்பம் உண்டா?

கூரையை மடக்கித் திறக்கத்தக்க அச்சிறு காரின் எடை ஏறத்தாழ 950 கிலோதான். எஞ்சின் முன்னே, உந்துவிசையோ பின்சக்கரங்களுக்கு. முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறையச் சமமாதலின், வளைவுகளில் ஓட்டுபவர் கைக்கு வண்டி உடனே இணங்கும். குதிரையும் வீரனும் ஓருடலாதல் எனப் பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்பதே அதனை அமைத்தோரின் குறிக்கோள்.

கார்ப் பிரியர்களிடையே வாதங்களும் உண்டு. 1.6 லிட்டர் எஞ்சினுக்கு வலிமை போதாது என்பர் ஒரு சாரார். மிதமான வேகத்திலேயே மகிழ்விப்பதன்றோ அதன் சிறப்பு என்பர் மறு சாரார். எழுந்து மடங்கும் முகவிளக்குகள் 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையில் நீக்கப்பட்டதற்கு இன்றும் வருந்துவோர் உளர். 2005இல் வந்த மூன்றாம் தலைமுறை பருத்துவிட்டது என்ற குறை எழுந்தது. 2015இல் விற்பனைக்கு வந்த நான்காவதோ 100 கிலோவுக்கு மேல் இளைத்திருந்தது. மறு ஆண்டே உற்பத்தி பத்து லட்சத்தை எட்டிற்று.

சாலையில் வேகத்திற்கு வரம்புண்டு. அவ்வரம்புக்குள்ளும் இன்பம் வேண்டுவோர்க்கு எடைக் குறைவே துணை.