'ரன்'னுக்கு 645 அர்த்தம்... நம்ம ஊர் 'ஓடு'வுக்கு எத்தனை?

ராத்திரி எட்டு மணி. மானாம்பதியில் ஒரு வீடு. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'ஹர் ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்' என்று ஒரு வாக்கியம். 'ரன்' என்றால் ஓடு என்று இரண்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தாகிவிட்டது. அப்படியானால், அப்பா கடையை நோக்கி ஓடுகிறாரா, கடையிலிருந்து ஓடுகிறாரா?

"ம்மா, இதுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

"எனக்கு எங்கடி இங்கிலீஷ் தெரியும்? நாளைக்கு டீச்சரைக் கேளு."

உத்திரமேரூர் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடிய உரையாடல்தான் இது. ஆனால், 'தெரியாது' என்று ஒதுங்கிக்கொள்ளும் அந்த அம்மாவிடம்தான் விடை இருக்கிறது. அது எப்படி என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒன்பது மாதம் ஓடிய ஒரு சொல்

ஆங்கிலத்தின் மிகப்பெரிய அகராதி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884-ல் முதல் பகுதி வெளிவந்து, 1928-ல்தான் முழுமையடைந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். அந்தப் பதிப்பில் அதிக அர்த்தங்கள் கொண்ட சொல் என்ற பெருமை 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கிடைத்தது. சுமார் 430 அர்த்தங்கள்!

அடுத்த பதிப்புக்கான வேலையில் அந்தச் சாதனையை முறியடித்தது 'ரன்'. அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் ஒன்பது மாதங்கள் உழைத்தார். வினைச்சொல்லாக மட்டுமே 645 அர்த்தங்கள் தேறின. 2011-ல் இந்தச் செய்தி வெளியானபோது ஆங்கிலம் பேசுபவர்களே ஆச்சர்யப்பட்டார்கள்.

ஏன் இத்தனை? மனிதனும் மிருகமும் ஓடிய காலத்தில் 'ரன்' எளிமையான சொல்லாகத்தான் இருந்தது. பிறகு தண்ணீர் ஓடியது, வண்டி ஓடியது. தொழிற்புரட்சி வந்ததும் இயந்திரங்கள் ஓடின. கடைசியில் கம்ப்யூட்டரில் புரோகிராமும் ஓட ஆரம்பித்தது. புதிதாக எது வந்தாலும் அதைச் சொல்ல இந்தப் பழைய சொல்லையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

கிரிக்கெட்டில் தெரியும், அரிசியில் தெரியாது

நம் பிள்ளைகளுக்கு 'ரன்' புதிய சொல் அல்ல. ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடும் பையனுக்கு 'ரன் அவுட்' தெரியும். 'ரன்னிங் பஸ்ல ஏறாதே' என்று பாட்டிகூடச் சொல்வார். 2002-ல் லிங்குசாமி இயக்கத்தில் மாதவன் நடித்த 'ரன்' படம் நன்றாகவே 'ஓடியது'.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்' என்றால் யாரும் அவுட் ஆகவில்லை, வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. 'ஐ ரேன் இன்டு மை டீச்சர்' என்றால் டீச்சரை எதிர்பாராமல் பார்த்தேன். 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏறிவிட்டது. குழந்தை 'ரன்னிங் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. 'ரன்னிங் நோஸ்' என்றால் மூக்கு ஒழுகுகிறது. நீரிழிவு 'ரன்ஸ் இன் தி ஃபேமிலி' என்றால் பரம்பரையாக வருகிறது. காஞ்சிபுரத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புடவையின் கலர் 'ரன்' ஆகிறது என்றால், சாயம் போகிறது!

இவையெல்லாம் வெறும் மதிப்பெண் சமாசாரம் அல்ல. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் 'ஃப்ரேசல் வெர்ப்' எனப்படும் இந்தக் கூட்டு வினைகள் இருக்கின்றன. அதைத் தாண்டி, ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் பயிற்சிக்குச் சேரும் கிராமத்து இளைஞரை நினைத்துப் பாருங்கள். 'டெஸ்ட் ரன் பண்ணு', 'ஸ்டாக் ரன் அவுட் ஆயிடுச்சு' என்று மேலதிகாரி சொல்வது புரியாமல் நின்றால், 'இவனுக்கு இங்கிலீஷ் வராது' என்ற முத்திரை விழுந்துவிடும். வேலை தெரிந்தும் வாய் திறக்கப் பயப்படுவார். ஒரு சொல்லுக்கு ஓர் அர்த்தம் என்று பழக்கிவிட்டதன் விலை இது.

நிற்பவரும் ஓடுபவரும்

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920 வாக்கில், குடவோலை முறையைக் கல்வெட்டில் பொறித்து வைத்த ஊர் உத்திரமேரூர். அந்த மண்ணுக்கு ஏற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது.

நம்மூரில் வேட்பாளர் தேர்தலில் 'நிற்கிறார்'. இங்கிலாந்திலும் அப்படித்தான், 'ஸ்டாண்ட்' என்பார்கள். ஆனால், அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' ஆகிறார், அதாவது ஓடுகிறார். ஒரே தேர்தல், ஒரே ஆங்கிலம். ஒரு நாட்டில் நிற்கிறார்கள், இன்னொரு நாட்டில் ஓடுகிறார்கள். அகராதியில் அர்த்தம் பார்த்தால் மட்டும் போதாது, யார் எங்கே சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

துருக்கியிலும் இதே கதை

இந்தத் தலைவலி நமக்கு மட்டும்தானா? துருக்கி மொழி பேசும் மாணவர்களும் ஆங்கிலத்தின் இந்தக் குட்டிச் சொற்களிடம் இதே பாடுதான் படுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழைப் போலவே துருக்கியும் சொல்லின் வாலில் ஒட்டு சேர்த்துப் பேசும் மொழி. 'எவ்' என்றால் வீடு, 'எவ்டென்' என்றால் வீட்டிலிருந்து. இப்படி எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஒட்டிப் பழகியவர்களுக்கு, 'ரன்' ஓரிடத்திலும் 'அவுட்', 'இன்டு', 'ஓவர்' தனித்தனியாகவும் நிற்பது குழப்பம்தான்.

அதற்காகத் துருக்கி மொழி ஒன்றும் சாதுவல்ல. அங்கே 'யுஸ்' என்ற சொல்லுக்கு முகம் என்றும் அர்த்தம், நூறு என்றும் அர்த்தம், நீந்து என்றும் அர்த்தம். 'சால்மாக்' என்ற சொல் திருடுவதையும் குறிக்கும், வாத்தியம் வாசிப்பதையும் குறிக்கும், மணி அடிப்பதையும் குறிக்கும். அங்கே போய்த் தமிழர் ஒருவர் மொழி கற்றால், நம் பிள்ளைகள் 'ரன்'னிடம் முழிப்பதுபோலத்தான் முழிப்பார்.

தமிழுக்கு இது பழைய கணக்கு

ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்பதை நம் முன்னோர் பிரச்னையாக நினைக்கவில்லை, பாடமாகவே வைத்தார்கள். திவாகரம், சூடாமணி போன்ற நிகண்டுகளில் 'ஒரு சொல் பல்பொருள்' என்று தனிப் பகுதியே உண்டு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ் லெக்சிகனைக் கொண்டுவந்தது. 1992-ல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய அர்த்தங்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு கொடுத்தது.

இப்போது 'ஓடு' என்ற நம் சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடுகிறது. படம் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. பிழைப்பு ஓடுகிறது. நாள் ஓடிவிட்டது. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது. பதற்றத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காதலித்தவர்கள் 'ஓடிப்போனார்கள்'. கூரையில் இருப்பதும் ஓடு, முட்டை மேல் இருப்பதும் ஓடு. 'அம்மாவோடு போனாள்' என்பதில் வருவதும் ஓடு. போதாக்குறைக்கு 'ஓட்டு' என்றால் வண்டியை ஓட்டுவது, நண்பனைக் கிண்டல் செய்வது, தேர்தலில் போடுவது!

இவ்வளவையும் எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. 'படம் ஓடுது' என்றதும் திரையைத் துரத்திக்கொண்டு யாரும் ஓடவில்லை. பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்கும் திறமை, பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் இருக்கிறது. அதே திறமையை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் போதும்.

வீட்டிலேயே பழக ஐந்து வழிகள்

1. சொல்லாக வேண்டாம், வாக்கியமாகப் படிக்கலாம். 'ரன் - ஓடு' என்று நோட்டில் எழுதுவதற்குப் பதில், 'ஷி ரன்ஸ் எ ஷாப் - அவர் கடை நடத்துகிறார்' என்று எழுதச் சொல்லுங்கள்.

2. எது ஓடுகிறது என்று கேளுங்கள். ஆளா, இயந்திரமா, தண்ணீரா, கடையா? பாதி அர்த்தம் அதிலேயே கிடைத்துவிடும்.

3. வாலைப் பாருங்கள். 'அவுட்', 'இன்டு', 'ஓவர்' என்று பின்னால் வரும் குட்டிச் சொல்தான் பல நேரம் அர்த்தத்தை மாற்றுகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக நினைத்துப் படிக்க வேண்டும்.

4. 645-ம் தேவையில்லை. வாரத்துக்கு மூன்று அர்த்தம் போதும். அன்றாடப் பேச்சுக்கு இருபது தெரிந்தாலே தாராளம்.

5. கற்பவர்களுக்கான அகராதியைப் பயன்படுத்துங்கள். ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்த ஏ.எஸ்.ஹார்ன்பி, பிறமொழிக்காரர்களுக்காகத் தயாரித்த அகராதியை ஆக்ஸ்ஃபோர்டு 1948-ல் வெளியிட்டது. இன்றும் புதுப்பிக்கப்பட்டு வரும் அதில், அர்த்தத்தோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருக்கும். பள்ளி நூலகத்தில் இருந்தால் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

அம்மாவின் விடை

மறுபடியும் அந்த எட்டு மணிக்குப் போவோம். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது' என்று சொன்ன அம்மா, அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டிருக்கலாம்.

"அப்பா கடையைப் பத்தித்தானே போட்டிருக்கு? கடைய இன்னா பண்ணுவாங்க?"

"நடத்துவாங்க."

"அப்ப அதான் அர்த்தம்."

அவ்வளவுதான். இதற்கு அம்மாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து, 'நம்ம பேச்சுல இதை எப்படிச் சொல்லுவோம்?' என்று கேட்கத் தெரிந்தால் போதும். இன்று ராத்திரி உங்கள் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.