பெங்களூருவில் முதலாண்டு மாணவர்களின் விடுதியும் உணவும்: விதிகள் சொல்வது என்ன? பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

பெங்களூரு: பன்னிரண்டாம் வகுப்பை முடித்து மேற்படிப்புக்காக பெங்களூரு செல்லும் தமிழக மாணவர்களின் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் கணிசமாக உள்ளது. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்பது முடிவான உடனே அடுத்த கேள்வி எழுகிறது. மாணவர் எங்கே தங்குவார், என்ன சாப்பிடுவார் என்பதே அது.

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, நாட்டிலேயே அதிகக் கல்லூரிகள் அமைந்துள்ள மாவட்டம் பெங்களூரு நகர மாவட்டம். அங்கு 1,106 கல்லூரிகள் உள்ளன. ஆனால், சேரும் மாணவர்கள் அனைவருக்கும் வளாகத்திலேயே இடம் தரும் நிறுவனங்கள் அவற்றுள் சிலவே. எஞ்சியவர்கள் தனியார் விடுதிகளையும், 'பி.ஜி.' எனப்படும் கட்டணத் தங்குமிடங்களையும் நாட வேண்டியுள்ளது.

வளாக விடுதிக்கும் வெளி விடுதிக்கும் உள்ள வேறுபாடு வாடகை மட்டுமன்று. பாதுகாப்பு, வரி, குடிநீர், உணவு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகள் உள்ளன.

வாரான்னம் முதல் வளாக விடுதி வரை

பழைய மைசூர் சமஸ்தானப் பகுதியில் வெளியூர் ஏழை மாணவர்களின் உணவுக்கு 'வாரான்னம்' என்ற வழக்கம் இருந்தது. வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு வீடுகளை ஏற்பாடு செய்துகொண்டு, நாளுக்கு ஒரு வீட்டில் மாணவர் உணவருந்துவார். தமிழகத்திலும் வாரச் சாப்பாடு என்ற பெயரில் இவ்வழக்கம் இருந்தது.

பின்னர் சமூக அமைப்புகளும் மடங்களும் கொடையாளர்களும் மாணவர் விடுதிகளைத் தொடங்கினர். பசவனகுடி காந்தி பஜாரில் இன்று நகரின் அடையாளமாக விளங்கும் 'வித்யார்த்தி பவன்' உணவகம், 1940களில் அருகிலிருந்த பள்ளி மாணவர்களுக்கான சிறு சிற்றுண்டிச் சாலையாகத் தொடங்கியதே. பெயரிலுள்ள 'வித்யார்த்தி' என்ற சொல்லுக்கு மாணவர் என்பது பொருள்.

இன்று பெங்களூருவில் முழுமையான உறைவிட வளாகத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது இந்திய அறிவியல் கழகம். 1909இல் நிறுவப்பட்ட இக்கழகம் நெடுங்காலம் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்களுக்கே உரியதாக இருந்தது. 2011இல் நான்காண்டு இளநிலை அறிவியல் படிப்பும், 2022இல் கணிதம் மற்றும் கணினியியலில் பி.டெக். படிப்பும் தொடங்கப்பட்டன. அதன்பின், பள்ளி முடித்து நேராக வரும் 17, 18 வயது மாணவர்களும் அவ்வளாகத்தின் விடுதிகளில் தங்குகின்றனர். நாகரபாவியில் உள்ள தேசிய சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகமும், சர்ஜாபூர் அருகே வளாகம் கொண்ட அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் உறைவிடக் கல்வி நிறுவனங்களாக அறியப்பட்டவை.

முதலாண்டு மாணவர்களுக்குத் தனிப் பிரிவு ஏன்?

முதலாண்டு மாணவர்களின் விடுதி வாழ்க்கையைப் பெருமளவு நிர்ணயிப்பது, பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் வெளியிட்ட ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகள். இவற்றின் பின்னணியில் துயரமான வரலாறு உள்ளது.

1996இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். தமிழகத்தை உலுக்கிய இந்நிகழ்வைத் தொடர்ந்து, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் அமன் கச்ரு உயிரிழந்தது நாடு தழுவிய விவாதத்தை எழுப்பியது. மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் ஆர்.கே.ராகவன் தலைமையில் உச்சநீதிமன்ற உத்தரவின்படி அமைக்கப்பட்ட குழு 2007இல் அளித்த பரிந்துரைகளும் புதிய விதிகளுக்கு அடிப்படையாயின.

இவ்விதிகளின்படி, இயன்ற இடங்களிலெல்லாம் முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதிப் பிரிவு ஒதுக்கப்பட வேண்டும். அது இயலாத இடங்களில், முதலாண்டு மாணவர்களின் அறைகளுக்கு மூத்த மாணவர்கள் செல்வதை விடுதிக் காப்பாளர்களும் காவலர்களும் கண்காணிக்க வேண்டும்.

விடுதிக்கு முழுநேரக் காப்பாளர் இருக்க வேண்டும். அவர் எந்நேரமும் தொலைபேசியில் கிடைக்கக்கூடியவராக இருக்க வேண்டும். ஆறு புதிய மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்ற விகிதத்தில் வழிகாட்டிகள் நியமிக்கப்பட வேண்டும். முதல் மூன்று மாதங்களில் இரு வாரங்களுக்கு ஒருமுறை, பெயர் குறிப்பிடாமல் பதிலளிக்கும் கருத்தாய்வு முதலாண்டு மாணவர்களிடையே நடத்தப்பட வேண்டும்.

உணவுக்கூடத்தைப் பற்றியும் இவ்விதிகள் பேசுகின்றன. புதிய மாணவர்களுக்கு நம்பிக்கை ஏற்படும் வகையில், ஆசிரியர்கள் இயன்றவரை விடுதியிலேயே மாணவர்களுடன் அமர்ந்து உண்ண வேண்டும் என்று அவை குறிப்பிடுகின்றன. வகுப்பறையில் பேசத் தயங்கும் மாணவர் சாப்பாட்டு மேசையில் மனம் திறந்து பேசக்கூடும் என்பதே இதன் உட்பொருள்.

தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும், மருத்துவக் கல்லூரிகளுக்குத் தேசிய மருத்துவ ஆணையமும் தனித்தனி ஒழுங்குமுறைகளை வகுத்துள்ளன. ராகிங் குறித்துப் புகார் அளிக்க 1800-180-5522 என்ற தேசியக் கட்டணமில்லா எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

மாணவிகளுக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடா?

மாணவியர் விடுதிகளில் இரவு திரும்பும் நேரம் மாணவர் விடுதிகளைவிட முன்னதாக வைக்கப்படுவது பல கல்லூரிகளில் வழக்கமாக உள்ளது. ஆனால், பாலியல் துன்புறுத்தல் தடுப்பு தொடர்பாக மானியக் குழு வகுத்து, 2016 முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குமுறைகள் வேறு விதமாகக் கூறுகின்றன. பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை மாணவியர் விடுதிகளில் விதிக்கக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. சேர்க்கைக்கு முன்பே விடுதி விதிகளின் எழுத்துப் பிரதியைக் கேட்டுப் பெறுவது இக்காரணத்தாலும் அவசியமாகிறது.

வரியில் என்ன வேறுபாடு?

கல்வி நிறுவனம் தன் மாணவர்களுக்கு அளிக்கும் சேவைகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நிறுவனமே நடத்தும் விடுதியும் உணவுக்கூடமும் இதில் அடங்கும். உணவுக்கூடத்தை வெளி ஒப்பந்ததாரர் நடத்தினால், அவரது சேவைக்கு 5 சதவீத வரி பொருந்தும் என மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2018இல் விளக்கியது.

தனியார் விடுதிகளின் நிலை நெடுநாள் தெளிவற்றதாக இருந்தது. விடுதிக்காகக் குத்தகைக்கு விடப்பட்ட பெங்களூரு கட்டடம் ஒன்று தொடர்பான வழக்கில், மாணவர்களும் பணிபுரிவோரும் தங்கும் அக்கட்டடம் குடியிருப்பே என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2023இல் வேறொரு விண்ணப்பத்தில், பி.ஜி. தங்குமிடங்கள் குடியிருப்பு வீடுகளுக்கு நிகரானவை அல்ல என்றும், அவற்றின் கட்டணத்துக்கு 12 சதவீத வரி உண்டு என்றும் கர்நாடக முன்கூட்டிய தீர்ப்பாயம் கூறியது. மாதம் 10,000 ரூபாய் கட்டணம் என்றால் கூடுதலாக 1,200 ரூபாய் செலுத்த நேரிடும் என்பது இதன் விளைவு.

2024 ஜூன் 22ஆம் தேதி நடைபெற்ற 53ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் இதற்குத் தீர்வு கண்டது. கல்வி வளாகத்துக்கு வெளியே உள்ள தங்குமிடங்களில், ஒருவருக்கு மாதக் கட்டணம் 20,000 ரூபாய்க்கு மிகாமலும், தொடர்ந்து 90 நாள்களுக்குக் குறையாமலும் தங்கினால் வரி விலக்கு அளிக்கப் பரிந்துரைக்கப்பட்டது. அது அதே ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. எனவே இந்த வரம்புக்குள் வரும் மாணவரிடம் தங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி வசூலிக்கப்பட்டால், அதற்கான காரணத்தைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

பி.ஜி.க்களுக்கான மாநகராட்சி விதிகள்

2024 ஜூலையில் கோரமங்கலாவில் உள்ள மகளிர் பி.ஜி. ஒன்றில் இளம்பெண் கொலை செய்யப்பட்டதையடுத்து, அப்போதைய பெங்களூரு மாநகராட்சி அவ்வகைத் தங்குமிடங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி, தங்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 70 சதுர அடி இடமும், நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீரும் அளிக்கப்பட வேண்டும். நுழைவாயில் உள்ளிட்ட இடங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தி, பதிவுகளை 90 நாள்கள் வரை பாதுகாக்க வேண்டும். சமையலறை வைத்திருப்போர் உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற வேண்டும்.

பத்து அடிக்குப் பதினான்கு அடி அளவுள்ள அறையின் பரப்பு 140 சதுர அடி. மேற்கண்ட அளவுகோலின்படி அதில் இருவர் தங்கலாம். நால்வருக்குக் கட்டில் போடப்பட்டிருந்தால் அது விதிமீறல். அறையை நேரில் பார்க்கும் பெற்றோர் எளிதில் கணக்கிட்டு அறியக்கூடிய செய்தி இது.

குடிநீரும் உணவும்: 2024 தந்த பாடம்

2024ஆம் ஆண்டின் கோடையில் பெங்களூரு கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. நகரின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழ பாதி வறண்டதாக மாநில அரசு தெரிவித்தது. விடுதிகளும் குடியிருப்புகளும் லாரித் தண்ணீரை நம்பியிருக்க நேர்ந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில், பெங்களூரு மருத்துவக் கல்லூரியின் மாணவியர் விடுதியைச் சேர்ந்த 40க்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கு, நீரிழப்பு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டு விக்டோரியா மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். அவர்களுள் சிலருக்குக் காலரா உறுதி செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் ஒரே சமையலறையில் உண்டு, ஒரே தொட்டி நீரைப் பருகும் இடத்தில் ஒரு சிறு கவனக்குறைவும் ஒரே இரவில் பலரைப் பாதிக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

கல்லூரி விடுதியானாலும் பி.ஜி.யானாலும், உணவு சமைத்து வழங்கும் இடம் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்கீழ் பதிவு அல்லது உரிமம் பெற்றிருக்க வேண்டும். 14 இலக்கங்கள் கொண்ட அந்த எண்ணைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். தொட்டி எப்போது கழுவப்பட்டது, குடிநீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்ற கேள்விகளுக்கு விடுதி நிர்வாகத்திடம் பதில் இருக்க வேண்டும்.

மெஸ் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

விடுதி உணவுக்கூடங்களில் பொதுவாக இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, மாதத்துக்கோ பருவத்துக்கோ இவ்வளவு என முன்கூட்டியே நிர்ணயிக்கும் முறை. இதில் செலவு முன்பே தெரியும்; ஆனால் விலைவாசி ஏறும்போது ஒப்பந்ததாரர் தரத்தைக் குறைக்கும் அபாயம் உண்டு.

இரண்டாவது, தமிழகக் கல்லூரிகளிலும் பழக்கமான 'டிவைடிங்' முறை. மாதத்தின் மொத்தச் செலவை, மாணவர்கள் உண்ட மொத்த நாள்களால் வகுப்பது இதன் அடிப்படை. எடுத்துக்காட்டாக, 200 மாணவர்கள் 30 நாள்கள் உண்ட மெஸ்ஸில் மொத்தச் செலவு 6 லட்சம் ரூபாய் எனில், ஒரு நாள் கட்டணம் 100 ரூபாய். இம்முறையில் மாணவர் பிரதிநிதிகள் கணக்கைப் பார்வையிட்டால்தான் செலவு கட்டுக்குள் இருக்கும்.

ஊருக்குச் சென்ற நாள்களுக்குக் கட்டணக் கழிவு உண்டா, அதற்கு எத்தனை நாள்கள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும், குறைந்தது எத்தனை நாள்கள் தொடர்ந்து விடுப்பில் இருக்க வேண்டும் என்பவை இடத்துக்கு இடம் மாறுபடும். பொங்கல், தீபாவளிக்கு ஊர் திரும்பும் தமிழக மாணவர்களுக்கு இது ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் வேறுபாட்டை ஏற்படுத்தக்கூடும்.

உணவு வகையிலும் மாற்றம் உண்டு. காலையில் உப்பிட்டு, சித்ரான்னம், அக்கி ரொட்டி. மதியம் பிசிபேளே பாத் அல்லது ராகி முத்தே. இரவில் வடமாநில மாணவர்களுக்கும் ஏற்றவாறு சப்பாத்தி என்பது பெங்களூரு மெஸ்களில் பரவலாகக் காணப்படும் பட்டியல். இங்குள்ள சாம்பாரில் வெல்லத்தின் இனிப்பு சற்றுத் தூக்கலாக இருப்பது தமிழக மாணவர்களுக்கு முதலில் புதிதாகத் தோன்றும். ஒவ்வாமை, நீரிழிவு போன்ற உடல்நிலைக் காரணங்களால் தனி உணவு தேவைப்படுவோர், சேர்க்கையின்போதே மருத்துவச் சான்றுடன் தெரிவிப்பது நல்லது.

மனநலமும் கவனத்துக்குரியது

புதிய ஊர், புதிய மொழி, அறை நண்பர்கள், தேர்வு அழுத்தம் ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் வந்து சேர்வது முதல் பருவத்தில்தான். தொடர்ந்து மெஸ்ஸுக்கு வராமல் இருப்பதும், அறையை விட்டு வெளியே வராததும் கவனிக்கப்பட வேண்டிய அறிகுறிகள். 25 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் ஒன்று. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மருத்துவமனையை மைய நிறுவனமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

சேர்க்கைக்கு முன் கேட்க வேண்டியவை

முதலாண்டு மாணவர்கள் அனைவருக்கும் வளாக விடுதியில் இடம் உறுதியா, இரண்டாம் ஆண்டில் வெளியேற வேண்டுமா என்பதை முதலில் அறிய வேண்டும். முன்வைப்புத் தொகை எவ்வளவு, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். கட்டணத்தில் உணவு அடங்கியுள்ளதா, மெஸ்ஸை நடத்துவது கல்லூரியா ஒப்பந்ததாரரா என்றும் கேட்க வேண்டும். காப்பாளர் மற்றும் ராகிங் தடுப்புக் குழுவின் தொலைபேசி எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறையையும் சமையலறையையும் நேரில் பார்ப்பதுடன், மதிய உணவை ஒருமுறை அங்கேயே உண்டு பார்ப்பது பயன் தரும். பெற்றோர் சமையலறையைப் பார்க்க அனுமதி மறுக்கும் விடுதியில், காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே முன்பணம் செலுத்துவது நல்லது.