பாலையினின்று கானகத்திற்கு

மலைமீது ஏறுவோர் பலர். அம்மலையில் மரஞ்செடிகள் எவ்வெவ்விடத்தில் தொடங்கி எவ்வெவ்விடத்தில் நின்றுவிடுகின்றன என்று நோக்கிக்கொண்டே ஏறுவோர் சிலர். அங்ஙனம் நோக்குவார்க்கு மலைவழி விரித்து வைத்ததொரு தாவர நூலாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரிசோனா மாகாணத்தின் தென்பாகத்திலுள்ள சாண்ட்டா கட்டலினா மலைவழி அத்தகையது.

அம்மாகாணத்தின் தெற்கே மெக்ஸிகோ எல்லை முதல் வடக்கே யூட்டா எல்லை வரை ஏறக்குறைய 800 மைல் நீளமுள்ள நடைபாதை ஒன்று செல்கின்றது. டேல் ஷ்யூவால்ட்டர் என்னும் பள்ளியாசிரியர் 1985ஆம் ஆண்டில் அம்மாகாணத்தைக் கால்நடையாகக் கடந்து, இத்தகைய பாதை அமைத்தல் கூடுமெனக் காட்டினார். 2009இல் அரசாங்கத்தார் அதனைத் தேசீயப் பாதைகளுள் ஒன்றாக ஏற்றனர். 2011இல் அது முற்றுப்பெற்றது. அதன் கடினமான பகுதிகளுள் ஒன்று, டூசான் நகருக்கு வடக்கே கட்டலினா மலையைக் கடப்பதாம். வழிநடப்போன் ஸபீனோ பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 4,000 அடி உயரத்தினின்று புறப்பட்டு, 6,000 அடி உயரமுள்ள ரொமேரோ கணவாயைத் தாண்டி, 8,000 அடியை அடுத்துள்ள சம்மர்ஹேவன் என்னும் சிற்றூரை அடைகின்றான்.

அடிவாரத்தில் காண்பது ஸொனோரப் பாலைவனம். அங்கே சாகுவாரோ என்னும் பெருங்கள்ளி, நாற்பதடி உயரம்வரை தூண்போல் நிமிர்ந்து, கைகளை மேலே ஏந்தி நிற்கும். அதனருகே வளரும் மெஸ்கீட் மரம், நம் நாட்டில் பரவியுள்ள சீமைக் கருவேலத்திற்கு நெருங்கிய இனம். மேலே ஏற ஏறக் கள்ளி மறைந்து புல்லும் ஆனைக்கற்றாழையும் தோன்றும். பின்பு என்றும் பசுமையான ஓக் மரங்கள். அவற்றிற்கும் மேலே பாண்டரோசா என்னும் பைன் மரங்கள். உச்சியை அடுத்த வடசரிவுகளில் டக்ளஸ் முதலிய குளிர்நாட்டு ஊசியிலை மரங்கள் நிழல் செய்யும். சில நாள் நடையில் ஒருவன் பல நூறு மைல் வடக்கே சென்றாற்போன்ற மாறுதலைக் காண்கின்றான்.

இம்மாறுதலுக்குக் காரணம் யாது? மேலே செல்லச் செல்ல, ஆயிரம் அடிக்கு மூன்று முதல் ஐந்து பாரன்ஹீட் பாகை வரை வெப்பம் குறைகின்றது, மழையோ மிகுகின்றது. டூசான் நகரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 அங்குலம் மழை. உச்சியில் அதனினும் இரு மடங்கிற்கு மேல். ஆயினும் ஒவ்வொரு தாவரமும் குறித்த ஓரிடத்தில் நின்றுவிடுவது ஏன் என்னும் வினாவிற்கு இது முழு விடையாகாது. அதனை ஆராய்ந்தவர் பாரஸ்ட் ஷ்ரீவ் என்னும் தாவர சாஸ்திரி. கார்னிகி ஸ்தாபனத்தார் 1903இல் டூசானில் நிறுவிய பாலைவன ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த இவர், இம்மலையின் தாவரங்களைப் பற்றி 1915இல் ஒரு நூல் வெளியிட்டார். சாகுவாரோ ஓரிரவு உறைபனியைத் தாங்கும்; மறுநாட் பகலிலும் பனி இளகாவிடில் மடியும் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே பாலைத் தாவரங்களின் மேலெல்லையை வகுப்பது குளிர். கானக மரங்களின் கீழெல்லையை வகுப்பது வறட்சி. வெயில் மிகப்படும் தென்சரிவில் பாலை உயரே ஏறுவதும், வடசரிவில் கானகம் தாழ இறங்குவதும் இதனாலேயே.

மனிதனையும் அவ்விரண்டே ஆளுகின்றன. கீழே ஊற்றுக்கள் ஜூன் மாதத்தில் வற்றிப்போம். நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் நீர் சுமக்கவேண்டும். மேலே கம்பளி உடையின்றி இரவு கழியாது. குளிர்காலத்திற் பனி வழியை மூடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை எழுவதால், முற்பகலிலேயே உயர்ந்த முகடுகளைக் கடந்துவிடல் நன்று. மார்ச்சு, ஏப்ரல், அக்டோபர், நவம்பர் ஆகிய மாதங்களே நடைக்கு ஏற்றவை. 1881இல் ஸாரா லெமன் என்னும் தாவர ஆராய்ச்சியாளரும் அவர் கணவரும் தென்புறமாக ஏற முயன்று இயலாமல், வடபுறஞ் சென்று ஸ்டிராட்டன் என்னும் பண்ணையாரின் துணையுடன் உச்சியை எய்தினர். லெமன் சிகரம் என்று அவ்வம்மையார் பெயரே அதற்கு வழங்குகின்றது.

இம்மலைகளைச் சுற்றிலும் பாலைவனம் சூழ்ந்திருப்பதால், கடலிடைத் தீவுகள்போல் இவை தனித்து நிற்கின்றன. வானத் தீவுகள் என்றே அழைக்கப்பெறுகின்றன. வெப்பம் மிகுந்தால் தாவரங்கள் மேலே ஒதுங்கலாம். ஆனால் உச்சிக்கு மேல் இடம் ஏது? அடுத்த மலைக்குச் செல்லவோ இடையிற் பாலை தடுக்கின்றது. 2003இல் மூண்ட தீ சம்மர்ஹேவனில் முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளை அழித்தது. 2020இல் மின்னலால் மூண்ட தீ ஏறக்குறைய 1,20,000 ஏக்கர் பரப்பில் எரிந்தது. எரிந்த பைன் காடு வெப்பம் மிகுந்த காலத்தில் மீண்டும் பைன் காடாகவே தழைக்கும் என்று உறுதி கூற இயலாது. பல இடங்களில் புதரே அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும்.

இவ்வெல்லைகள் நகர்கின்றனவா என்பதை அறிய வழி உண்டு. 1960க்குப் பின் ராபர்ட் விட்டேக்கர் முதலிய அறிஞர் இம்மலைமீது எத்தாவரம் எவ்வுயரத்தில் வளர்கின்றதென அளந்து குறித்து வைத்தனர். ஐம்பதாண்டு கழிந்து அதே வழியில் மீண்டும் ஏறிப் பார்த்தோர், பல தாவரங்களின் கீழெல்லை மேலே ஏறியிருப்பதைக் கண்டு 2013இல் வெளியிட்டனர். முன்னோர் குறித்து வையாதிருப்பின் பின்னோர் கண்டறிதல் எங்ஙனம்? ஆதலின் விடுமுறையில் மலையேறும் மாணவர், எம்மலையாயினும் ஆகுக, உயரத்தையும் அங்குக் கண்ட மரத்தையும் நாளையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருவாராக. அது பிற்காலத்தார்க்குச் செய்யும் உதவியாகும்.