வெயிலில் மங்கும் கைபேசித் திரை

எந்தத் திரை கண்ணுக்குக் கெடுதல் செய்யாதது என்று காரைக்கால்மேட்டிலிருந்து வரும் மீனவர்களும் அவர்தம் வீட்டாரும் எங்களிடம் கேட்பதுண்டு. கைபேசித் திரையின் ஒளி விழித்திரையைக் கெடுக்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. எந்த வெளிச்சத்தில் அதைப் படிக்கப் போகிறோம் என்பதே பார்க்க வேண்டியது.

எல்.சி.டி. திரையின் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; முன்னுள்ள திரவப் படிகம் அவ்வொளியை வேண்டிய இடத்தில் விடும், மற்ற இடத்தில் மறைக்கும். ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்; கறுப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும். ஆதலால் இருட்டறையில் அது துல்லியமாகத் தெரியும். ஆயினும் ஒளியைக் குறைத்து வைக்கும்போது இவற்றுள் பல, கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. சிலருக்கு அதனால் தலைவலி வரலாம். அத்தகையோர் அறை விளக்கை ஏற்றிவைத்து, திரையொளியைச் சற்றுக் கூட்டிப் படிப்பது நன்று.

படகில் நிலைமை வேறு. ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பையும் உயரலை எச்சரிக்கையையும் நண்பகல் வெயிலில் படிக்க இயலவில்லை என்றால் அது சிறிய குறை அன்று. புதிய கைபேசி வாங்குவோர் கேமராவின் பெருமையைவிட, திரையின் உச்ச ஒளி எத்தனை 'நிட்' என்பதைக் கேட்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் இருப்பது நல்லது. போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்தவர்க்குத் திரை சில கோணங்களில் முற்றிலும் கறுத்துப்போகும். கைபேசி பழுதாகவில்லை, அதைக் குறுக்காகத் திருப்பினால் போதும்.

கிண்டில் போன்ற கருவிகளின் மின்தாள் திரை, காகிதம்போல் வெளியொளியைத் திருப்பி அனுப்புவது. வெயில் ஏற ஏறத் தெளியும். ஆனால் எழுத்து மெதுவாகவே மாறுவதால் கடல் வரைபடத்துக்கு ஏற்றதன்று. வீட்டில் பெரிய எழுத்தில் நூல் படிக்கும் முதியோர்க்கு நன்கு உதவும்.

நீலஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. 2023இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கண் களைப்பைக் குறைப்பதில் அதனால் பயன் இராது என்றே கண்டது.

நிழலில், ஒளியை முழுதும் கூட்டிய பின்னும் எழுத்து வெளிறித் தெரிந்தால், திரையை மாற்றுமுன் கண்ணைக் காட்டுங்கள், கண்புரையாக இருக்கலாம். நேர்வரி வளைந்து தெரிந்தாலோ, எழுத்தின் நடுவே கறை நின்றாலோ, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே வர வேண்டும். வரும்போது கைபேசியையும் குளிர்கண்ணாடியையும் கொண்டுவாருங்கள். எழுத்தளவை இங்கேயே சரிசெய்து தருகிறோம்.