கடல் உள்வாங்கும் வரை காத்திருக்கலாமா? மண்ணையும் கடலையும் ஊருக்குச் சொல்லித்தரும் தன்னார்வக் குழுக்கள்



2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. லுஹர் முடிந்து சாப்பாடும் முடிந்த நேரம். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் பூகம்பம் ஏற்பட்டது. சென்னையில் கட்டடங்கள் ஆடி, மக்கள் வெளியே ஓடி வந்தார்கள். நம் கரைக்குச் சுனாமி எச்சரிக்கை வந்தது, பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், எந்தச் சேதமும் இல்லை.

ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் நம் தெருக்களில் கண்டதை நாங்கள் மறக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற தாய்மார்கள் உண்டு. நகையும் பத்திரமும் எடுக்க வீட்டுக்குள் திரும்பியவர்கள் உண்டு. "கடல் உள்ளே போயிருக்கான்னு பாத்துட்டு வந்துடுறோம்" என்று மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்கே போன வாலிபர்களும் உண்டு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேரை இழந்து எட்டு ஆண்டுகூட ஆகாத நேரம் அது.

நம் மக்களுக்குத் துணிவோ இரக்கமோ குறைவில்லை. நம் காலடி மண்ணும் எதிரே இருக்கும் கடலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாரும் நமக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. அதைச் சொல்லித்தருவதையே வேலையாக எடுத்துக்கொண்ட சாதாரண மக்களின் குழுக்கள் உலகில் இருக்கின்றன. அவர்களிடமிருந்து நாம் எதைக் கற்கலாம், எதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே இக்கட்டுரை.

ஒரு சொல் காப்பாற்றிய தீவு

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்த சிமெலுவே தீவு, 2004 டிசம்பர் 26 பூகம்பம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. பூமி அதிர்ந்து சுமார் பத்தே நிமிடங்களில் அலை அதன் கரையை அடைந்துவிட்டது. வீடுகள் அழிந்தன. ஆனால் தீவிலிருந்த சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் என்றே பதிவாகியிருக்கிறது.

அவர்களிடம் எச்சரிக்கைக் கருவி எதுவும் இல்லை. 'ஸ்மோங்' என்ற ஒரு சொல் இருந்தது. 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து ஏராளமானோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் அதைப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடினால், பிறகு கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு என்பதுதான் செய்தி. தொட்டிலாட்டும்போதும் வயல் வேலையிலும் மூன்று நான்கு தலைமுறைகள் இதைக் கைமாற்றின. 97 ஆண்டுகள் கழித்து, "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று ஒருவர் கத்தியதும் ஊரே மலையேறிவிட்டது.

அவர்களும் நம்மைப் போல முஸ்லிம்கள்தான்.

பாடாங் நகரத்துத் தன்னார்வலர்கள்

அதே சுமத்ராவின் மேற்குக் கரையில், தாழ்வான நிலத்தில் பாடாங் நகரம் இருக்கிறது. சுமார் 9 லட்சம் மக்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்நகருக்கு எதிரே மெந்தாவாய் தீவுகள். அங்குள்ள பவளப்பாறைகளைக் கெர்ரி சீ என்ற அமெரிக்க நிலவியலாளரும் டேனி நத்தாவிட்ஜாஜா என்ற இந்தோனேசிய நிலவியலாளரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

பவளம் வற்றுக்கடலின் நீர்மட்டம் வரைதான் உயர முடியும். நிலம் தாழ்ந்தால் அது மேல்நோக்கி வளரும். பூகம்பத்தில் நிலம் உயர்ந்தால் அதன் தலைப்பகுதி காய்ந்து இறந்துவிடும். மரத்தைப் போல அதிலும் ஆண்டு வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணிப் பார்த்தபோது 1797இலும் 1833இலும் அங்கே பெரும் பூகம்பங்கள் நிலத்தைத் தூக்கியிருந்தது தெரிந்தது. ஆகவே இன்னொன்று வரக்கூடும்.

ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று அவர்கள் இருக்கவில்லை. 2004 ஜூலையில், அதாவது டிசம்பர் பேரழிவுக்கு ஐந்து மாதங்கள் முன்பே, தீவு மக்களிடம் படம் போட்ட சுவரொட்டிகளையும் துண்டு வெளியீடுகளையும் கொடுக்கத் தொடங்கினார்கள். 2005இல் பாடாங் மக்களே 'கோகாமி' என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார்கள். சுனாமிக்கு ஆயத்தமாக இருக்கும் சமூகம் என்பது அப்பெயரின் பொருள். நிலவியலாளர் சொன்னதை ஊர்ப் பேச்சில் மாற்றிப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தருவது, எந்தத் தெருவிலிருந்து எந்த வழியாக மேட்டுக்குப் போவது என்று வரைபடம் போடுவது, ஒத்திகை நடத்துவது ஆகியவை அவர்கள் வேலை. அந்நகரில் எழுப்பப்பட்ட பெரிய பள்ளிவாசலும், ஆபத்துக் காலத்தில் மேல்தளங்களில் மக்கள் ஏறி நிற்கும்படி திட்டமிட்டுக் கட்டப்பட்டது.

அப்படியே எடுத்துக்கொள்ள முடியுமா?

இங்கேதான் கவனம் தேவை. சிமெலுவே பாடத்தில் இரண்டு அடையாளங்கள்: நிலம் பலமாக ஆடுவது, கடல் உள்வாங்குவது. நம் கரையில் இந்த இரண்டையும் நம்பி இருக்க முடியாது.

இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு, சுமத்ரா, அந்தமான் பக்கத்தில் இன்னொரு தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கிறது. மேல்தட்டின் விளிம்பு அதனுடன் ஒட்டிக்கொண்டு வளைகிறது. நூற்றாண்டுக் கணக்கில் வளைந்த அந்த விளிம்பு 2004இல் ஒட்டுவிட்டுத் துள்ளியது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடி நகர்ந்தது. மேற்குப் பக்கத்தில் அது மேலே எழும்பியது. கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது.

ஆகவே கிழக்கே தாய்லாந்து நோக்கிப் போன அலையில் பள்ளம் முன்னே சென்றது. அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே இந்தியாவையும் இலங்கையையும் நோக்கி வந்த அலையில் மேடு முன்னே வந்தது. சென்னைத் துறைமுகத்து நீர்மட்டக் கருவியிலும் முதலில் பதிவானது ஏற்றமே. முதல் அலை வந்து திரும்பிய பிறகுதான் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. இலங்கையில் அதை வேடிக்கை பார்க்கப் போனவர்களை அடுத்த அலை வாரிக்கொண்டு போனது. "கடல் உள்ளே போனால் ஓடலாம்" என்று காத்திருப்பது நம் கரையில் ஆபத்தான பாடம்.

நில அதிர்வும் அப்படித்தான். பூகம்பம் நடக்கும் இடம் நமக்கு வெகுதூரம். 2004இல் நம் கரையில் பெரும்பாலோர் அதை உணரவே இல்லை. உணர்ந்தவர்களுக்கும் லேசான ஆட்டம்தான். 2012இல் நன்றாக உணர்ந்தோம், ஆனால் சுனாமி வரவில்லை. அந்த முறை பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடலடி பெரிதாக மேலே எழும்பவில்லை. நமக்குத் தெரியும் ஆட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2010 அக்டோபரில் மெந்தாவாய் தீவுகளிலேயே ஆட்டம் மெதுவாக இருந்ததால் பலர் ஓடவில்லை. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நமக்கு அல்லாஹ் கொடுத்திருக்கும் ஒரு வாய்ப்பு, நேரம். 2004இல் காலை 6.29க்கு நடந்த பூகம்பத்தின் அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அன்று செய்தி சொல்ல ஆளில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அதன் செய்தி மாவட்ட நிர்வாகம் வரை வந்துவிடும். அங்கிருந்து நம் வீட்டு அடுப்படி வரை அதைக் கொண்டுவருவதும், கேட்டவர் என்ன செய்ய வேண்டுமென்று முன்பே தெரிந்து வைத்திருப்பதும் நம் பொறுப்பு.

நம் ஊருக்கு நம் குழு

அந்தந்த ஊர் மண்ணுக்கும் கரைக்கும் ஏற்ற பாடத்தை அந்த ஊர்க்காரர்தான் எடுத்துச் சொல்ல முடியும். அதற்காக நம் அறக்கட்டளையின் கல்விப் பிரிவில் ஒரு தன்னார்வக் குழு அமைக்கிறோம். இன்ஷா அல்லாஹ், முதலாண்டில் செய்ய நினைப்பவை இவை:

1. கல்லூரிகளில் நிலவியல், புவியியல் படித்த நம் பிள்ளைகளைக் கொண்டு மக்தப், மதரஸா மாணவர்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் எளிய பாடம். 2004இல் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயதுச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு வகுப்பில் படித்ததை வைத்து நுரைத்துப் பொங்கிய கடலை அடையாளம் கண்டு பெற்றோரிடம் சொன்னாள். சுமார் நூறு பேர் பிழைத்தார்கள். பிள்ளைக்குச் சொல்வது வீட்டுக்கே சொல்வதாகும்.

2. ஊரில் மேடான இடங்கள், உறுதியான மாடிக் கட்டடங்கள், அவற்றுக்கு நடந்து போகும் வழிகள் ஆகியவற்றைக் குறித்த வரைபடம். எல்லோரும் வண்டியை எடுத்தால் நம் குறுகிய தெருக்கள் அடைத்துக்கொள்ளும்.

3. தெருவாரியாக முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள், ஆண்துணை இல்லாத வீடுகள், இத்தாவில் இருப்பவர்கள் ஆகியோரின் பட்டியல். ஒவ்வொரு வீட்டுக்கும் யார் போவது என்று முன்பே முடிவு செய்வது. இதைப் பெண்கள் குழு பார்த்துக்கொள்ளும்.

4. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டிய வாசகத்தை மாவட்ட நிர்வாகத்திடம் கலந்து முன்பே எழுதி வைப்பது. வாட்ஸ்அப் வதந்தியை அறிவிக்காமலிருக்கவும் இது உதவும்.

5. அண்டை மீனவ கிராமத்தாரையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு ஒத்திகை. கடலைப் பற்றி அவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் இவ்வளவு போதும்: எச்சரிக்கை வந்தாலும், நிலம் நெடுநேரம் ஆடினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும், உள்வாங்கினாலும், பார்க்கப் போகாதீர்கள். உள்நாட்டுப் பக்கமோ உறுதியான மாடிக்கோ செல்லுங்கள். அலைகள் பல மணி நேரம் மாறி மாறி வரும். அதிகாரிகள் சொல்லும் வரை திரும்பாதீர்கள்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அவருக்கே நினைவூட்டினோம். சிரித்துவிட்டு, குழுவில் தம் பேரனின் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

இன்று இஷாவுக்குப் பிறகு உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடல் ஊருக்குள் வருகிறது என்று சொன்னால் நாம் எந்த வழியாக எங்கே போவோம்?" பதில் தெரியவில்லை என்றால், நீங்களும் பிள்ளைகளும் ஒருமுறை அந்த வழியில் நடந்து பாருங்கள். குழுவில் சேர விரும்பும் ஆண்களும் பெண்களும் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

அந்த நாள் வராமலிருக்க துஆ செய்வோம். வந்தால் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடக்கும் ஊராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.