கொழுப்புச் செல்லுக்கு வயது என்ன?

பிறந்தபோது சுருங்கிய தோலுடன் இருந்த குழந்தைக்கு, ஆறாம் மாதத்தில் கன்னம் உப்பித் தொடையில் மடிப்பு விழுந்துவிடுகிறது. அப்போது அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பே. இது நோயன்று, வளரும் மூளைக்கான எரிபொருள் சேமிப்பு. பாப்பாவின் பாலைக் குறைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்!

கொழுப்பு தங்குவதற்கென்றே உடலில் தனிவகைச் செல்கள் உண்டு. பெரியவர் ஒருவர் குண்டாகும்போது இச்செல்கள் பருக்கின்றனவா, பெருகுகின்றனவா? விடை காண உதவியது, விந்தையாக, அணுகுண்டு.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் வட அரைக்கோளத்துக் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. காற்றிலிருந்து பயிருக்கும், உணவின் வழியே நமக்கும் அது வந்து சேர்ந்தது. செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் அன்றைய அளவு பதிந்துவிடும். (அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள், எனவே இடையில் ஏற்படும் தேய்வு பொருட்டன்று.) அதை அளந்தால் செல்களின் சராசரி வயது தெரியும்.

2008இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர் இவ்வாறு அளந்து பார்த்தனர். பெரியவர்களிடம் ஆண்டுதோறும் சுமார் 10 சதவீதக் கொழுப்புச் செல்கள் மடிகின்றன, அதே அளவு புதியன தோன்றுகின்றன. மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்து மெலிந்தவர்களிடமும் செல்கள் சுருங்கினவே தவிர, எண்ணிக்கையில் குறையவில்லை. காலிக் குடங்கள்போல் அவை காத்திருந்தன!

அப்படியானால் எண்ணிக்கை முடிவாவது எப்போது? குழந்தைப் பருவத்திலும் விடலைப் பருவத்திலும்தான். மற்றவர்களுக்குச் சுமார் 6 வயதில் தொடங்கிய வேகமான பெருக்கம், உடற்பருமன் உள்ளவர்களுக்கு 2 வயதை ஒட்டியே தொடங்கியிருந்தது.