புதனில் பொழுது விடிந்தால்

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 24 மணி நேரம் என்று படித்திருப்போம். சரியாகச் சொன்னால் 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான். அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. சூரியன் மறுபடி உச்சிக்கு வர இன்னும் நாலு நிமிடம் திரும்பியாக வேண்டும். இப்படியே சேர்ந்து, ஓராண்டில் பூமி 366 முறை சுழன்றும் நமக்குக் கிடைப்பது 365 நாள்தான். சுழற்சிகளிலிருந்து சூரியனைச் சுற்றிய சுற்றுகளைக் கழித்தால் வருவதுதான் நாள்கணக்கு.

இந்தக் கழித்தல் நம்மிடம் நாலு நிமிடத்தோடு போய்விடுகிறது. புதன் கோளில் அப்படி இல்லை. அது 88 பூமி நாளில் சூரியனைச் சுற்றுகிறது. ஒருமுறை சுழல ஏறத்தாழ 59 நாள். இரண்டு சுற்று முடிவதற்குள் மூன்று சுழற்சி. மூன்றில் இரண்டு போனால் ஒன்று. ஆக, அங்கே ஒருமுறை விடிந்து அடுத்த முறை விடிய 176 நாள் ஆகும். ஒரு நாளுக்குள் இரண்டு ஆண்டு!

இது தெரியவந்தது 1965இல்தான். அதுவரை, இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி சொன்னபடி, புதன் எப்போதும் ஒரே முகத்தையே சூரியனுக்குக் காட்டுகிறது என்று நம்பினார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. பூமியிலிருந்து புதன் நன்றாகத் தெரியும் சமயங்களில் பெரும்பாலும் அதே முகமே நம் பக்கம் இருக்கும். 1965இல் புவெர்த்தோ ரிக்கோவின் அரெசிபோ ரேடாரிலிருந்து வானியலாளர்கள் பெட்டன்கில், டைஸ் இருவரும் புதனை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பினார்கள். சுழலும் கோளின் ஒரு விளிம்பு நம்மை நெருங்கும், மறு விளிம்பு விலகும். அதனால் திரும்பி வரும் அலையின் அலைவெண் சற்றே பரவியிருக்கும். அந்தப் பரவலே சுழலும் வேகத்தைச் சொல்லிவிட்டது.

ஏன் சரியாக மூன்றுக்கு இரண்டு? புதனின் பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம். சூரியனுக்குத் தொலைவு 4.6 கோடி கிலோமீட்டரிலிருந்து 7 கோடி வரை மாறும். கிட்டே வரும்போது சூரியனின் ஈர்ப்புப் பிடி மிக அதிகம். அந்தப் பிடிக்கு இசைந்த வேகத்தில் சுழற்சி சிக்கிக்கொண்டது. அப்படிக் கிட்டே வரும்போது புதன் பாதையில் ஓடும் கோண வேகம் சுழலும் கோண வேகத்தையே மிஞ்சிவிடுவதால், அதன் வானில் சூரியன் சில நாள் பின்னோக்கி நகரும். சில இடங்களில் உதித்த சூரியன் மறைந்து, மறுபடி உதிக்கும்.

வெள்ளி இன்னும் விசித்திரம். அது எதிர்த்திசையில் சுழல்வதால் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். ஒரு சுழற்சிக்கு 243 நாள், ஆண்டுக்கு 225 நாள். ஆனால் ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையே 117 நாள்தான். அங்கே சூரியன் உதிப்பது மேற்கில், அடர்ந்த மேகத்துக்குப் பின்னால்.